எரியாத வாளின் நகல்

முயலுக்குக் கொம்பு வரையலாம். ஆனால் அதைப் பார்த்து வரைந்ததாக யாரும் சொல்ல முடியாது. விஞ்ஞானப் புனைவுப் படங்களின் ஆயுதங்களை ஒளியோடும் ஒலியோடும் செய்து பார்ப்போரின் கைவேலையில் இதே சிக்கல் இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாளை அச்சு அசலாகச் செய்திருப்பதாக ஒருவர் சொன்னால், அந்த அசல் எது?

படப்பிடிப்பில் கையாளப்பட்ட பொருள் என்பது முதல் விடை. 1977-இல் வெளியான அந்தப் படத்தில் லூக் என்ற இளைஞனின் வாள்பிடி, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஒருகாலத்தில் வைத்திருந்த கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் விளக்கின் கைப்பிடி. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாளரான ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கண்டெடுத்து, ரப்பர் பட்டைகளையும் கால்குலேட்டரிலிருந்து எடுத்த ஒரு துண்டையும் ஒட்டினார். முதியவர் ஓபி-வானின் வாள்பிடி இன்னும் விசித்திரமானது: தண்ணீர்க் குழாயின் திருகு, ஜெட் எஞ்சினின் ஒரு பாகம், முதல் உலகப்போர்க் காலத்துக் குண்டின் துண்டு எல்லாம் அதில் உண்டு. சண்டைக் காட்சிக்கு, சாலைப் பலகைகளில் உள்ளதுபோல் ஒளியைத் திருப்பியடிக்கும் பூச்சு கொண்ட கோலை மோட்டாரால் சுழற்றினார்கள். அது போதிய அளவு மின்னாததால் ஒளியைப் பின்னர் படச்சுருளில் சட்டம் சட்டமாகச் சேர்த்தார்கள். அசல் வாள் எரியவுமில்லை, ஒலிக்கவுமில்லை.

பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கட்டிலை வைத்து இப்படி அடுக்குகிறார்: கட்டில் என்னும் கருத்து முதலில், தச்சன் செய்த கட்டில் அடுத்து, ஓவியன் தீட்டிய கட்டில் கடைசியில். ஒவ்வொரு படியிலும் உண்மை ஒரு சுற்று தேய்கிறது. ஒளிவாளில் இந்த ஏணி தலைகீழாகிவிடுகிறது. பாலிகார்பனேட் குழாய்க்குள் நுனிவரை எல்இடி பட்டை, பிடிக்குள் லித்தியம் பேட்டரி, அசைவை உணரும் சில்லு, சிறிய ஒலிபெருக்கி, ஒலிக்கோப்புகள் அடங்கிய நினைவக அட்டை ஆகியவற்றோடு இன்று செய்யப்படும் வாள், பொத்தானை அழுத்தியதும் பிடியிலிருந்து நுனிக்கு ஒளி ஏற உறுமுகிறது. கதையில் சொல்லப்பட்ட வாளுக்கு அசலைவிட நகலே நெருங்கி நிற்கிறது. பழைய கிராஃப்ளெக்ஸ் கைப்பிடியையே தேடி வாங்கி உள்ளே மின்சுற்றைப் புகுத்துபவரும் உண்டு. அவர் படப்பிடிப்புத் தளத்துக்கும் கதைக்கும் ஒரே சமயத்தில் விசுவாசமாக இருக்கப் பார்க்கிறார். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

காஷ்மீரத்து அழகியலாளர்கள் இந்த முடிச்சை நாடகத்தை வைத்து அவிழ்க்க முயன்றார்கள். ராமனாக நடிப்பவனைப் பார்க்கும் ரசிகனுக்கு ஏற்படுவது எவ்வகை அறிவு? அது மெய்யுமல்ல, பொய்யுமல்ல, ஐயமுமல்ல, ஒப்புமையுமல்ல என்றார் சங்குகர். ஓவியத்தில் உள்ள குதிரையைக் குதிரை என்று அறிவதைப் போன்றது அது. அபிநவகுப்தரின் ஆசிரியரான பட்ட தௌதர் இதை மறுத்தார். ராமனின் காதலை முன்பு கண்டவர் யாருமில்லை. காணாத ஒன்றை நடிகன் பாவனை செய்கிறான் என்று எப்படிச் சொல்வது? அபிநவகுப்தர் தம் நாட்டிய சாஸ்திர உரையில் இந்த வாதத்தைப் பதிவுசெய்திருக்கிறார்.

ராமனுக்கு எதிராக வலுவாக நிற்கும் இந்தத் தடை ஒளிவாளிடம் தளர்ந்துபோகிறது. வாளை யாரும் தொட்டதில்லை. ஆனால் திரையில் கோடிக்கணக்கானோர் கண்டிருக்கிறார்கள், கேட்டுமிருக்கிறார்கள். நகலெடுக்கப்படுவது ஒரு பொருளல்ல, ஒரு தோற்றம். தோற்றத்துக்குப் பின்னால் வேறு அசல் இல்லாத இடத்தில் தோற்றமே அசல். பிளேட்டோ இதற்கு இணங்கமாட்டார். இங்கே அவர் சொல்வதற்கு அதிகம் இல்லை.

‘பாவனையாக மைமெசிஸ் (போலச்செய்தல்)’ என்று பொருள்படும் தலைப்பில் 1990-இல் நூல் எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி கெண்டல் வால்டன் கலைப் படைப்புகளையே அரங்கப் பொருள்களாகப் பார்த்தார். காட்டில் மரக்கட்டையைக் கரடியாகப் பாவிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டை போதும், ரோமம் வேண்டாம். அப்படியானால் வாள்சண்டை விளையாட ஒரு குச்சி போதாதா? விளையாட்டுக்குப் போதும். வாள் செய்பவர் தேடுவது வேறு: திரையில் எட்டாமல் நின்ற தோற்றம் தன் கைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒலியின் கதையில் இது தெளிவாகிறது. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், படம் காட்டும் புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், பழுதான மைக் வயர் தொலைக்காட்சிப் படக்குழாயிலிருந்து வாங்கிக்கொண்ட இரைச்சலையும் கலந்தார். வாள் வீசும் ஒலிக்காக, அந்த ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதன் முன் மைக்கை வீசினார். அந்த ஒலி பிறந்ததே ஒரு கையின் அசைவில்தான். இன்று பிடிக்குள் இருக்கும் சில்லு வீச்சின் வேகத்தை அளந்து ரீங்காரத்தை ஏற்றி இறக்குகிறது. நடிகரின் கையில் ஒருபோதும் ஒலிக்காத வாள், பர்டின் மைக்குக்கு அடுத்தபடியாக, செய்தவரின் கைக்குத்தான் இசைந்து ஒலிக்கிறது.

அதே பட வரிசையில் 2015-இல் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் நடிகர்களின் முகத்தில் வாளின் வெளிச்சம் விழுவதற்காக, படப்பிடிப்புத் தளத்திலேயே எரியும் வாள்களைக் கொடுத்தார்கள்.