எடுத்த இரத்தம் தானமாகுமா?

தன் உடல் நலத்துக்காக ஒருவன் வெளியேற்றுவதைப் பிறர்க்கு அளித்தால் அது தானமாகுமா என்று ஓர் அன்பர் நம்மை வினவினார். ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஹீமோகுரோமடோசிஸ் என்னும் பரம்பரை நோயுடையார் உடல், உணவிலுள்ள இரும்பை அளவுக்கு மீறி ஏற்றுக்கொள்ளும். மிகுந்த இரும்பைக் கழிக்கும் வழி மனித உடலில் இல்லை. அது பல்லாண்டு கல்லீரலிலும் இருதயத்திலும் கணையத்திலும் படிந்து, ஈரல் சுருக்கத்தையும் நீரிழிவையும் விளைவிக்கும். நம் நாட்டிலோ இரும்புச்சத்துக் குறைந்து வாடும் தாய்மாரே மிகுதி. இந்நோய் வட ஐரோப்பிய வழியினரிடம், சிறப்பாக அயர்லாந்து மக்களிடம், மிகுந்து காணப்படுவது. அங்கே ஏறத்தாழ 83 பேரில் ஒருவர் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றுள்ளார். அவ்வாறு பெற்றவர் எல்லாரும் நோயுறுவதில்லை. அம்மரபணு 1996-இல் கண்டறியப்பட்டதால், நோயாளியின் உடன்பிறந்தாரையும் சோதித்து முன்கூட்டியே காக்க இயலுகிறது.

சிகிச்சை எளியது. முதலில் வாரந்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தத்தை எடுப்பர். இரும்பு தணிந்தபின் ஆண்டுக்குச் சில முறை போதும். வேறு குறையில்லையேல் அவ்விரத்தம் பிறர்க்கு ஏற்றத்தக்கதே. ஆயினும் நெடுங்காலம் அதில் பெரும்பகுதியைக் கொட்டியே வந்தனர். ஏன்? அமெரிக்காவில் சிகிச்சைக்காக இரத்தம் எடுக்கக் கட்டணம் உண்டு, தானத்துக்கு இல்லை. கட்டணத்துக்கு அஞ்சிய நோயாளி, தனக்குள்ள வேறு தொற்றை மறைத்துத் தானம் செய்யக்கூடும் என்று ஐயுற்றனர்.

இதனைப் படித்ததும் நமக்குச் சினமே எழுந்தது. ஏழை பொய்யனா? பின்னர் எண்ணிப் பார்த்தோம். ஆலையில் நூற்புப் பகுதியில் உழைத்த நாளில், ஒருநாட் கூலி போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து வேலைக்குச் சென்றவர்தாமே நாம்! பக்கத்தில் நின்றவரையும் அது பற்றியது. பொய் நம்முடையதே, அதனைச் சொல்லவைத்தது கூலி வெட்டு.

2001-இல் அந்நாட்டு அரசின் மருந்து நிர்வாகம் ஒரு வழி கண்டது. தானம் செய்யத் தகுதியற்ற நோயாளிக்கும் கட்டணமின்றி இரத்தம் எடுக்கும் நிலையங்கள், தகுதியுள்ளோர் இரத்தத்தைப் பையின்மீது நோயின் பெயரைக் குறிக்காமலே பிறர்க்கு வழங்க இசைவு பெறலாம் என்றது. கட்டணம் நீங்கவே, மறைப்பதால் வரும் இலாபமும் நீங்கிற்று. இனி அவன் உண்மை கூறிக் கொடுப்பதைத் தானமென்றே நாம் கொள்வோம். அதனால் அவன் ஈரலும் பிழைக்கின்றதே என்றால், பிழைக்கட்டும். அதில் யாருக்கு என்ன குறை?

சோதனையின் செய்தி வேறு. அந்நாட்டில் 2008-இல் இயற்றிய சட்டம், மரபணுச் சோதனையின் முடிவைக் காட்டி வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுத்தலைத் தடுக்கின்றது. ஆயுள் காப்பீட்டை அச்சட்டம் தொடவில்லை. அண்ணனுக்கு நோய் என்று அறிந்தும், மனைவி மக்களை நினைத்துச் சோதனைக்குத் தயங்கும் தம்பியைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.