சூடுதான் காரணமா?

கணினி ஹேங் ஆனதும் பெரும்பாலானோர் முதலில் பழி சுமத்துவது சூட்டின் மீதுதான். பெட்டியைத் திறக்கிறார்கள், ஃபேனில் அப்பிய தூசியை ஊதுகிறார்கள், பிராசசர் மேல் காய்ந்து கிடக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி மூடுகிறார்கள். கணினி ஓடுகிறது. சூட்டால்தான் நின்றது என்ற தீர்ப்பும் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பை அறிவு என்று சொல்லலாமா, ஊகம் என்றுதான் சொல்ல வேண்டுமா? விளைவை மட்டும் கண்ட ஒருவர் காரணத்தை அறிந்துவிட்டதாகச் சொல்லும் உரிமையை எப்போது பெறுகிறார்? மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்ற எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு நியாயம் என்னும் பழைய இந்தியத் தர்க்க மரபைச் சேர்ந்த நியாயவாதிகளும் பௌத்தர்களும் நூற்றாண்டுக் கணக்கில் மோதிய கேள்வி இது. கோளாறு நீங்கிவிட்டது என்பதால் காரணம் தெரிந்துவிட்டதாக ஆகாது என்பதே என் கட்சி. மேசைமேல் இருக்கும் கணினியே இதற்குப் போதுமான சாட்சி.

பிராசசர் சூடாவதில் மர்மம் எதுவும் இல்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு நூறு கோடி முறைகளுக்கு மேல் திறந்து மூடுகின்றன. அதில் செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. அத்தனையும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். ஆனால் இன்றைய பிராசசர் தன் வெப்பத்தைத் தானே அளந்துகொள்கிறது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பிறகும் ஏறினால் மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறது. ஆகவே வெறும் சூட்டின் வழக்கமான அடையாளம் முதலில் மந்தம், பிறகு சட்டென்று அணைந்துபோவது. திரையில் படம் அப்படியே நிற்க, மவுஸ் அசைய மறுக்கும் நிலைக்குப் பழுதான ரேம், தேய்ந்த டிஸ்க், பொருந்தாத டிரைவர், தளர்ந்துபோன மின்வழங்கி (எஸ்.எம்.பி.எஸ்.) என்று வேறு பல காரணங்கள் காத்திருக்கின்றன. அதற்காகச் சூட்டை முழுதாக விடுவிக்கவும் முடியாது. நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டப்படும் பிராசசரில் வெப்பம் ஏறும்போது டிரான்சிஸ்டர்கள் பிந்துகின்றன, கணக்கு தவறுகிறது, ஹேங் ஆகிறது. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் கூலரைக் கழற்றிப் பார்த்தது. பென்டியம் 4 வேகம் குறைந்து ஓடியது, பென்டியம் 3 உறைந்து நின்றது, ஏ.எம்.டி. அத்லான் புகைந்து செத்தது. ஒரே காரணத்துக்கு மூன்று விளைவுகள்!

நியாயவாதிகள் இங்கேதான் உதவுகிறார்கள். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதை அவர்கள் ஏற்கிறார்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பதை ஏற்பதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. புகை எழ ஈர விறகும் வேண்டும். கண்ணுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் இந்த நிபந்தனையை அவர்கள் உபாதி என்றார்கள். கணினியில் அந்த உபாதியின் பெயர் பளு. பெரிய விளையாட்டையோ வீடியோ தொகுப்பையோ ஓட்டும்போது வெப்பமும் ஏறுகிறது, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து இழுக்கப்படும் மின்சாரமும் ஏறுகிறது, ரேமின் மூலைமுடுக்கெல்லாம் பயன்பாட்டுக்கு வருகிறது. சூடும் ஹேங்கும் எப்போதும் சேர்ந்தே வரலாம். ஆனாலும் ஒன்று மற்றதை உண்டாக்கியிருக்க வேண்டியதில்லை, இரண்டுமே பளுவால் விளைந்திருக்கலாம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைக் கூர்மையாகச் சொல்கிறார். கழுதையையும் கணிகையையும் ஒரு சமயம் ஓரிடத்தில் சேர்த்துக் கண்டவன், பின்னொரு நாள் கழுதையைக் கண்டதும் கணிகையும் அங்கே உண்டு என்று கருதலாமா என்று கேட்கிறார். அதோடு விடாமல், இரண்டு பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்து இல்லாதிருப்பதும் போதிய சான்றாகாது என்று காட்ட நாய்வாலையும் நரிவாலையும் எடுத்துக்கொள்கிறார். தூசியும் இல்லை, ஹேங்கும் இல்லை என்ற நிலை அந்த இரண்டாவது பிழைக்குச் சரியான உதாரணம்.

கணினி ஓடுகிறதே, வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. செயல் பலித்தால் அறிவு மெய் என்பது நியாய மரபே ஏற்கும் அளவுகோல். தண்ணீர் என்று நம்பிப் போனவனின் தாகம் தணிந்தால் அது கானல்நீர் அல்ல. ஆனால் பலித்தது எந்தச் செயல்? தூசி தட்டுவதற்காக மின்கம்பியைப் பிடுங்கியபோது கணினி முழுதாக அணைந்து மறுபடி எழுந்தது. உள்ளே கைபட்டதில் தளர்ந்திருந்த ரேம் இடத்தில் அமர்ந்திருக்கலாம், கேபிள் ஒன்று இறுகியிருக்கலாம். நான்கைந்து செயல்கள் சேர்ந்து தந்த பலனை ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதுவதற்கு எந்தத் தர்க்கமும் இடம் தருவதில்லை. விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பிலும் இதே தவறு நடக்கிறது. கணினி முறைப்படி மூடப்படாமல் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அது பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. அதன் பெயரில் பவர் என்று இருப்பதால் மட்டுமே நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் மாற்றப்படுகின்றன.

இப்படி ஐயப்பட்டுக்கொண்டே போனால் எதையும் அறிய முடியாதே என்பது இதைவிட ஆழமான எதிர்வாதம். பொருள்முதல்வாதிகளான சார்வாகர்கள் அனுமானத்தையே மறுத்தார்கள். 1748-இல் தத்துவவாதி டேவிட் ஹியூம், ஒன்றையடுத்து ஒன்று வருவதைத்தான் காண்கிறோம், காரணத்தின் ஆற்றலை எங்கும் காண்பதில்லை என்று எழுதினார். பத்தாம் நூற்றாண்டின் நியாய அறிஞர் உதயனர் தந்த விடை எனக்கு நிறைவளிக்கிறது. உன் செயலோடு உன் ஐயம் முரண்படும் இடத்தில் அந்த ஐயம் முடிகிறது என்கிறார் அவர். புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறாய், பிறகு அவற்றின் உறவை எப்படி மறுப்பாய்? இதே விடை சோதனைக்கான வழியையும் காட்டுகிறது. பளுவை முழுதாக வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து டேபிள் ஃபேனை அதன் மேல் வீசச் செய்ய வேண்டும். வெப்பம் 60 டிகிரியில் நின்றும் ஹேங் ஆனால் பிராசசரின் சூடு குற்றவாளி இல்லை. ஹேங் ஆகவில்லை என்றால் வெப்பத்தைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஃபேன் வேகத்தைக் குறைத்ததும் அதே அளவை எட்டும்போதெல்லாம் நின்று, குளிர்ந்ததும் ஓடினால், அப்போது ஐயப்படுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கோளாறை வேண்டுமென்றே வரவழைப்பது ஆபத்து என்று அஞ்சுபவர்களுக்கும் விடை உண்டு. 2001-இல் அத்லானுக்கு இல்லாத தற்காப்பு இன்றைய பிராசசர்களில் இருக்கிறது. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே செய்யும் சோதனை, காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுவதைவிடப் பாதுகாப்பானது.

அடுத்த முறை கணினி நின்றால், திருப்புளியை எடுக்கும் முன் வெப்ப அளவைக் கோப்பில் எழுதிவரும் நிரல் ஒன்றை ஓடவிடுங்கள். நின்ற கணத்தில் இருந்த அளவையும், ஓடிக்கொண்டிருந்த வேலையையும் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்தக் குறிப்பு கையில் வரும்வரை, கேட்பவர்களிடம் காரணம் இன்னும் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.