நடுக்கம் நின்ற பிறகும் கேளுங்கள்

பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவுக்கு டி.பி.எஸ். அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டீர்கள். பல லட்சம் புரட்டியாயிற்று. மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை இறக்கி, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி வைத்துவிட்டால் கைநடுக்கம் அடங்கிவிடும் என்று வீடே காத்திருக்கிறது. தகுந்தவருக்குச் செய்தால் அடங்கும்தான். 1987-இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் தொடங்கிவைத்த இந்த ஆழ்மூளைத் தூண்டல், எத்தனையோ பேரை மறுபடி தம் கையால் சோறு பிசைந்து சாப்பிட வைத்திருக்கிறது. ஆகவே அறுவையைக் கைவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்குமுன் வீட்டில் நடந்தாக வேண்டிய ஒரு பேச்சு இருக்கிறது. அதை இன்று இரவே பேசுங்கள்.

பார்க்கின்சன் நோயைக் கைநடுக்கமாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். 1817-இல் இந்நோயை விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே மலச்சிக்கலையும் கெட்ட உறக்கத்தையும் குறித்திருக்கிறார். ஆனால் புலன்களும் அறிவும் பழுதடைவதில்லை என்றும் எழுதினார். அந்தப் பிழை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ரசத்தின் மணம் தெரியாமல் போவது, கனவில் கத்திக் கை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவது, நாள்கணக்கில் மலம் போகாதது, இவையெல்லாம் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடக்கூடும். பிறகு மனச்சோர்வு, காரணமில்லாத பயம், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, சிறுநீர் அவசரம், ஆளில்லாத மூலையில் யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவது. கேட்காவிட்டால் அப்பா இதையெல்லாம் சொல்ல மாட்டார். வயசாகிவிட்டது என்று தானே முடிவுகட்டியிருப்பார். லண்டனின் கே. ரே சௌத்ரி தலைமையில் பன்னாட்டு மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட, இத்தகைய அறிகுறிகளைப் பற்றிய 30 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். மருத்துவரிடம் கேட்டு வாங்கி அப்பாவோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் கேளுங்கள், பேரப்பிள்ளைகள் இல்லாத நேரத்தில். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைக் கிளப்பிவிடும். நாலு பேர் மதித்த மனிதர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் சீட்டாட்டத்தில் பணம் விடுவார். வேண்டாததை வாங்கிக் குவிப்பார். காம வேட்கை எல்லை மீறும். அது அவர் குணக்கேடு அல்ல, மருந்தின் வேலை. மானம் போய்விடுமென்றோ, தெரிந்தால் அறுவை செய்ய மாட்டார்கள் என்றோ மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கித் தருகிறீர்களென்றால் அதையும் சொல்லுங்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான்.

மருத்துவருக்கு இதெல்லாம் எதற்கு? மூளையில் எந்த இடத்தைத் தூண்டுவது, எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, முதலில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தர வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்ய இந்தப் பதில்கள் வேண்டும். தூண்டலால் பலருக்கு உறக்கமும் வலியும் சீராகின்றன. போன மோப்பம் பெரும்பாலும் திரும்பாது. மறதி தீராது. சொற்கள் முன்போல் சட்டென்று வாயில் வராமல் போகலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையல்ல. மனநல மருத்துவர் ஒருமுறைகூடப் பார்க்காத நோயாளியை அறுவைக்கு அனுப்பும் குழுவிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, மிகவும் அஞ்ச வேண்டிய காலம். கை நிற்கிறது, வீட்டில் கொண்டாட்டம். அதே வாரங்களில் அவருடைய மருந்து வெகுவாகக் குறைக்கப்படுகிறது. உடலுக்கு மின்சாரம் ஈடுகொடுக்கிறது. மனசுக்கு டோபமைன் குறைகிறது. பிரெஞ்சு மருத்துவர்கள் அறுவைக்குப் பின் 63 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் எழுதினார்கள்: பாதிக்கும் மேற்பட்டோரிடம் எதிலும் நாட்டமில்லாத ஒரு சோர்வு வந்திருந்தது. கைதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அப்போது அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது சோம்பல் இல்லை. மருந்தளவை மாற்றினால் பலருக்குத் தேறும்.

2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த அறுவை செய்துகொண்ட 5,311 பேரில் 24 பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள்; 48 பேர் முயன்றிருந்தார்கள். முதல் ஆண்டில்தான் ஆபத்து அதிகம். அறுவைக்குப் பிந்தைய மனச்சோர்வும், துணையில்லாத வாழ்க்கையும், முன்பே இருந்த அந்த அடங்கா உந்துதலும் தற்கொலை முயற்சியோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. பின்னால் வந்த ஒப்பீட்டு ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட ஆபத்து கூடுதல் என்பது உறுதிப்படவில்லை. இருந்தாலும் 24 பேர் 24 குடும்பம். வாழ்ந்து என்ன பயன் என்று அவர் சொன்னால் தத்துவமென்று தள்ளிவிடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். நள்ளிரவென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கருவியைச் சரிபார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் உறக்கம், மனநிலை, செலவு, பேச்சு என்று நீங்கள் கவனித்ததைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். இரவில் நடப்பது அவருக்குத்தான் தெரியும். அவர் பேசி முடிக்கும்வரை அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.