சொல் சுருங்கினால் அறமும் சுருங்குமா?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்தது ஆரியசாலை. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. நவராத்திரி விழாவின்போது வேளிமலைக் குமாரசுவாமி ஊர்வலமாக எழுந்தருளி, ஆரியசாலை தேவி கோயிலில்தான் தங்குகிறார். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக அங்கே செல்லும் ஒருவர், ‘சாலை’ என்ற சொல்லைக் கேட்டதும் வண்டிகள் செல்லும் வழியையே நினைப்பார். ஆனால் அச்சொல்லுக்கு அதைவிடப் பழைய பொருள் ஒன்று உண்டு. கல்வி பயிலும் கூடம், அன்னமிடும் கூடம் ஆகியவற்றை நம் முன்னோர் சாலை என்றனர். அறச்சாலை, பாடசாலை, பாகசாலை, கோசாலை ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆரியசாலையின் அருகிலுள்ள வலியசாலையே, சோழர் கல்வெட்டுகளில் பேசப்படும் காந்தளூர்ச் சாலை இருந்த இடம் என்று வரலாற்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்கள் உண்டு உறைந்து கற்பதற்கு ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கையே அதற்கும் முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு கூறுகிறது. சாலைக்கு ‘வழி’ என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு அச்செப்பேட்டைப் படிப்பவருக்கு, மன்னன் நடுவழியில் 95 பேருக்குச் சோறிட்டான் என்றுதான் தோன்றும்!

இது சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய பிழை. ஆனால் அறத்தைக் குறிக்கும் சொற்களில் இதே பிழை நேரும்போது நாம் இழப்பது அகராதிப் பொருளை மட்டும்தானா?

பழைய ஆங்கிலம் தரும் பாடம்

பழைய ஆங்கில நூல்களைப் பயில்பவர்கள் இத்தகைய சொற்களை அடிக்கடி சந்திப்பார்கள். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில், 1611-ஆம் ஆண்டு, வெளிவந்த ஆங்கில விவிலியத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் தம்மிடம் வருவதற்கு இடம் கொடுக்குமாறு இயேசுநாதர் சீடர்களிடம் சொல்லும் இடத்தில் ‘சஃபர்’ என்ற சொல் வருகிறது. இன்று அதற்குத் ‘துன்புறுதல்’ என்பதே பொருள். அன்று அதற்கு ‘அனுமதித்தல்’ என்ற பொருளும் இருந்தது. ‘ப்ரிவெண்ட்’ என்றால் இன்று தடுத்தல். அன்று முந்திச் செல்லுதல். ‘கான்வர்சேஷன்’ என்றால் இன்று உரையாடல்; அன்று ஒருவர் வாழும் முறை, அதாவது ஒழுக்கம். ‘லெட்’ என்றால் இன்று அனுமதித்தல். ஆனால் ‘தடை’ என்ற நேர்மாறான பொருளில் அதே வடிவுடைய வேறொரு சொல் அன்று வழங்கியது. நமது இந்தியக் கடவுச்சீட்டின் முதற்பக்கத்தில், இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் வேண்டும் வாசகத்தில் அந்தப் பழைய ‘லெட்’ இன்றும் அமர்ந்திருக்கிறது.

இச்சொற்களால் நேரும் குழப்பத்தை ஒரு நல்ல அகராதி தீர்த்துவிடும். அகராதியால் மட்டும் தீராத சொல் ஒன்று உண்டு. அதுவே ‘சாரிட்டி’.

‘அன்புக்குரிய’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்தது ‘காரிடாஸ்’. புனித ஜெரோமின் லத்தீன் விவிலியத்தில் அது இறைவனிடத்தும் உயிர்களிடத்தும் கொள்ளும் பேரன்பைக் குறித்தது. ஆங்கிலத்தில் அதுவே ‘சாரிட்டி’ ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேல், அன்பைப் பற்றிப் புனித பவுல் எழுதிய புகழ்பெற்ற பகுதியில் சாரிட்டியை விடுத்து ‘லவ்’ என்ற எளிய சொல்லை வைத்தார். அறிஞர் தாமஸ் மோர் 1529-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தார். எவ்வகை அன்புக்கும் பொதுவான ‘லவ்’, தெய்விக அன்பைக் குறிக்கப் போதாது என்பது அவர் கருத்து. 1611-ஆம் ஆண்டுப் பதிப்பு அப்பகுதியில் சாரிட்டியையே வைத்துக்கொண்டது. ஆனால் 1881-இல் வந்த திருத்தப் பதிப்பு மீண்டும் ‘லவ்’ என்பதற்குத் திரும்பியது.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? சாரிட்டி என்றால் ஏழைக்கு இடும் காசு, பணம் திரட்டும் நிறுவனம் என்ற அளவுக்கு அச்சொல் சுருங்கிவிட்டிருந்தது. ‘உன் சாரிட்டி எனக்கு வேண்டாம்’ என்று தன்மானமுள்ள ஏழை ஒருவர் சொல்லும் நிலையும் வந்தது. பேரன்பைக் குறித்த சொல், பெறுபவரை நாணச் செய்யும் சொல்லாகிவிட்டது.

தருமத்துக்கு நேர்ந்தது

இதைக் கேட்டு ஆங்கிலேயரைப் பார்த்து நாம் நகைக்க வேண்டியதில்லை. ‘தருமம்’ என்ற நம் சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. உலகைத் தாங்குவது, மனிதனை மனிதனாக நிலைநிறுத்துவது, அவனவன் வாழ்வின் நெறி என்றெல்லாம் விரியும் சொல் அது. இன்று கடைத்தெருவில் அச்சொல்லை நாம் எப்போது கேட்கிறோம்? ‘தருமம் போடுங்க சாமி’ என்று ஒருவர் கையேந்தும்போதுதான். கட்டணம் வாங்காத மருத்துவமனையைத் தமிழிலும் மலையாளத்திலும் மக்கள் தரும ஆஸ்பத்திரி என்றனர். அறம் என்ற சொல்லும் இதே பாதையில் சென்றிருக்கிறது. அறக்கட்டளை, அறநிலையம் என்னும்போது ஆங்கிலச் சட்டங்களில் வழங்கும் ‘சாரிட்டபிள்’ என்ற சொல்லுக்கே நாம் அறத்தை ஈடாக வைக்கிறோம். இரு மொழிகள், இரு சமயங்கள். இரண்டிலும் உயர்ந்த சொல் கீழிறங்கி வந்து நின்ற இடம் ஒன்றே.

திருவள்ளுவர் அறத்துப்பாலை 38 அதிகாரங்களாக அமைத்தார். அவற்றுள் ஈகை ஒன்று; அது 23-ஆம் அதிகாரம். அன்புடைமை, இனியவை கூறல், நடுவுநிலைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை ஆகியவை அதற்கு முன்னரே வந்துவிடுகின்றன. வாய்மையும் வெகுளாமையும் பின்னர் வருகின்றன. முப்பத்தெட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கே முழுமையின் பெயரைச் சூட்டிவிட்டோம்.

ஏன் அந்த ஒன்றை எடுத்தோம் என்பது சிந்திக்கத்தக்கது. காசைக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும், எண்ணிப் பார்க்கலாம், கல்லில் பொறிக்கலாம், ஒரு நொடியில் முடித்துவிடலாம். சினத்தை அடக்குவதையோ, பிறர்மீது கொண்ட வெறுப்பைக் களைவதையோ அவ்வாறு எண்ணிக் காட்ட முடியாது. எளிதானதைச் செய்துவிட்டு அரியதைச் செய்ததாக மனம் நிறைவு கொள்கிறது. அந்த நிறைவுக்குச் சொல் துணைபோகிறது. சொல்லின் பொருள் தானாகச் சுருங்குவதில்லை. நாம் வாழ்ந்து காட்டும் அளவுக்கே அது நிற்கிறது.

ஒன்பது நாள்கள்

சுவாமி விவேகானந்தர் 1892-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திருவனந்தபுரத்திற்கு வந்தார். கும்பகோணத்தைச் சேர்ந்தவரும் திருவிதாங்கூர் இளவரசரின் ஆசிரியருமான பேராசிரியர் கே. சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாள்கள் தங்கினார். அந்த நாள்களைப் பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதிய ஐயர், சுவாமிஜியுடன் தாம் கழித்த முதல் நவராத்திரி என்றே அவற்றுக்குப் பெயரிட்டார்.

சுவாமிஜி அந்த இல்லத்தை அடைந்தபோது அவருடன் கொச்சி சமஸ்தானத்துப் பணியாளரான ஒரு முஸ்லிம் அன்பர் துணையாக வந்திருந்தார். முந்தைய இரண்டு நாள்களாகச் சிறிது பால் தவிர ஏறக்குறைய எதையும் சுவாமிஜி உட்கொண்டிருக்கவில்லை. ஆயினும் தம்முடன் வந்தவருக்கு உணவு கிடைத்து அவர் விடைபெறும்வரை சுவாமிஜி தமது உணவைப் பற்றி நினைக்கவே இல்லை என்று ஐயர் எழுதியுள்ளார்.

அங்கே கொடுக்கப்பட்டது ஒருவேளைச் சோறுதான். அதைச் சமைத்ததும் பரிமாறியதும் சுவாமிஜி அல்லர். கொடையாகக் கணக்கிட்டால் அவருடைய பெயரில் எழுத ஒன்றுமே இல்லை. ஆனால் காரிடாஸ் என்று ஜெரோமும், அன்புடைமை என்று வள்ளுவரும் கருதியது எதுவோ அது அந்தச் செயலில் முழுமையாக இருந்தது.

பின்னர் அமெரிக்காவில் கர்மயோகத்தைப் பற்றிப் பேசும்போது சுவாமிஜி இக்கருத்தை விளக்கினார். உயரமான பீடத்தில் நின்றுகொண்டு கையில் ஐந்து காசை எடுத்து ஏழையை அழைக்கும் மனநிலையை அவர் கண்டித்தார். நாம் கொடுப்பதற்கு ஒருவர் இருக்கிறாரே என்று நன்றி பாராட்ட வேண்டியவர் கொடுப்பவரே. பேறு பெறுபவரும் அவரே என்றார். ‘டாலரேஷன்’ என்ற சொல்லையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். ‘தாங்கிக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. பிற சமயங்களைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்வதில், அவை தவறானவை, நாம்தான் அவற்றை வாழ விட்டிருக்கிறோம் என்ற செருக்கு ஒளிந்திருப்பதை 1900-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையில் சுட்டிக்காட்டினார். பொறுத்துக்கொள்வது போதாது, ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவரது போதனை.

பழையது என்பதாலேயே உயர்ந்ததா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். பழைய பொருளை மீட்டுவிட்டால் போதுமா? முன்னோர் கொண்ட பொருள் எப்போதும் தூயதாகத்தான் இருந்ததா?

திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் அரசரின் தருமமாகப் போற்றப்பட்டவை. ஆனால் அங்கே இலை போடப்பட்டது பெரும்பாலும் ஒரு வகுப்பாருக்கு மட்டுமே. அதே நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பொது வழியில் நடக்கும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்தது. சுவாமிஜி வந்து சென்ற மறு ஆண்டு, 1893-இல், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி தமக்கு விலக்கப்பட்டிருந்த பொது வழியில் வில்வண்டியில் ஏறிச் சென்று அந்த மறுப்பை எதிர்த்தார். அன்னமிடும் சாலையைத் தருமம் என்று கொண்டாடிய சமுதாயம், நடக்கும் சாலையை மனிதருக்கு மறுத்ததைத் தருமக்கேடு என்று உணரவில்லை. கேரளத்தின் இந்நிலையைக் கண்ட சுவாமிஜி, அதைப் பைத்தியக்காரர் விடுதிக்கு ஒப்பிட்டுப் பின்னர் சென்னையில் பேசினார்.

ஆகவே பழைய சொல்லை அதன் காலத்துப் பொருளில் அறிவது ஒரு கடமை. அவ்வாறு அறியாமல் முன்னோர்மீது தீர்ப்புக் கூறுவது அநீதி. அறிந்தபின் அப்பொருளை உரைத்துப் பார்ப்பது அடுத்த கடமை. தேவையானால் சொல்லை அதன் பழைய எல்லைக்கும் அப்பால் விரிக்க வேண்டும். இதற்கு ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் ஒப்பற்ற சான்று இருக்கிறது.

1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் குருதேவர் வைணவ நெறியைப் பற்றி அன்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ‘ஜீவர்களிடம் தயை’ என்று சொன்னவுடனே சமாதியில் ஆழ்ந்தார். ஓரளவு புறவுணர்வு திரும்பியதும், பூச்சியினும் எளியவனான மனிதன் தயை காட்டுவதற்கு யார் என்று கேட்டார். தயை அன்று, ஜீவனைச் சிவமாகக் கண்டு செய்யும் சேவையே உரியது என்றார். தயை என்பது எத்தனையோ நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட சொல். அதிலும் கொடுப்பவன் மேல், பெறுபவன் கீழ் என்ற படிநிலை மறைந்திருப்பதை அவர் கண்டார். அன்று அந்த அறையில் இருந்தவர்களுள் இளைஞர் நரேந்திரரே அதன் ஆழத்தை உணர்ந்தார். 1897-இல் அவர் நிறுவிய ராமகிருஷ்ண மிஷனின் பணிகளுக்கு இந்த ஒரு சொல் திருத்தமே அடித்தளமாயிற்று.

நாம் செய்யத்தக்கது

பழைய நூல்களைப் படிக்கும்போது அரிய சொல் ஒன்று எதிர்ப்பட்டால், சாதகர் அதைக் கடந்து சென்றுவிடாமல் சற்று நிற்பது நல்லது. இச்சொல்லை எழுதியவர் எதைக் கருதினார் என்பது முதற்கேள்வி. இன்று நாம் ஏன் வேறொன்றைக் கருதுகிறோம் என்பது அடுத்த கேள்வி. முதலாவதற்கு அகராதி விடை தரும். இரண்டாவதற்கு நம் நடத்தையில்தான் விடை தேட வேண்டும்.

‘தருமம்’ என்று ஒருவர் நம்முன் கையேந்தும்போது, அவர் அறியாமலேயே ஒரு பழைய சொல்லின் முழுப்பொருளை நமக்கு நினைவூட்டுகிறார். காசு கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விவேகத்தைப் பொறுத்தது. அவரது முகத்தை நோக்கினோமா, அவரோடு மரியாதையாகப் பேசினோமா, அவருக்குள்ளும் இருக்கும் இறைவனை ஒரு கணமாவது நினைத்தோமா என்பவை தருமத்தின் எஞ்சிய பகுதிகள். அவற்றைச் செய்பவரிடத்தில் அச்சொல் தன் பழைய அகலத்தை மீண்டும் பெறுகிறது.