பத்துக் கிலோவும் முப்பது வீதமும்

விடியப்புறம் யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியில், சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்கள் வந்து நிற்கும் சத்தத்தோடுதான் நான் உயர்தரத்துக்கு வணிகப் பாடங்கள் படித்தேன். போன்களையும் அவற்றைச் செய்யும் நிறுவனங்களையும் பற்றிய செய்திகளைத் தேடி வாசிக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. யாருடைய பங்கு ஏறியது, யார் யாரை வாங்கினார்கள், எல்லாவற்றிலும் எனக்கொரு கருத்து இருந்தது. அந்தக் கருத்துகளில் ஒன்றை மாற்றியவர் அப்பா. அவர் தோட்டக்காரர். ஐபோனை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

2020 ஓகஸ்டில் எப்பிக் கேம்ஸ் நிறுவனம் தன்னுடைய 'போர்ட்நைட்' விளையாட்டுக்குள் காசு கட்டும் வழியொன்றைத் தானே திறந்தது. அப்போது அப்பிளின் அப் ஸ்ரோர் வழியாகக் கட்டினால் நூறு ரூபாயில் முப்பது அப்பிளுக்குப் போய்விடும். அன்றே அப்பிள் அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்து தூக்கியது, எப்பிக் அன்றே வழக்குப் போட்டது. நான் அப்பிளின் பக்கம் நின்றேன். கடையைக் கட்டியவன் அவன், வாடிக்கையாளரைக் கூட்டிவந்தவனும் அவன். வாடகை கேட்டால் என்ன பிழை?

கீரை பிடி கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப கழிவு முப்பதோ, பிள்ளை?" என்றார்.

கழிவு என்ற சொல் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரியும். நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழித்து, தொண்ணூறுக்குக் காசு கொடுப்பது சந்தைகளில் பல காலமாக இருந்துவந்த வழக்கம். அதை நிறுத்தச் சொல்லி விவசாயிகளும் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

"பழுதைக் கழிக்கட்டும். நல்ல காயை என்னத்துக்குக் கழிக்கிறது?"

அந்த ஒரு கேள்வி என் பாடப்புத்தகத்தில் இல்லை. சந்தைக் கூரைக்கும் கூட்டித் துடைப்பதற்கும் காசு கொடுக்க அப்பா முகம் சுளித்ததே இல்லை. செய்துதந்த வேலைக்கு எடுக்கும் காசு ஒன்று, வேறு இடம் இல்லை என்று தெரிந்து எடுக்கும் காசு இன்னொன்று. இரண்டும் ஒரே துண்டில், ஒரே பெயரில் எழுதப்படுகின்றன. "பிடிக்கவில்லை என்றால் சுன்னாகத்துக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோகலாமே அப்பா" என்றேன். "அங்கையும் அதே கழிவெண்டால்?" என்றார். கூகிளின் கடையிலும் அந்த நாளில் முப்பது வீதம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் சந்தையைத் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. அந்த டிசம்பரில் கொரோனா எங்கள் சந்தைக்கு வந்தது. 'மருதனார்மடம் கொத்தணி' என்று ஊரின் பெயர் செய்திகளிலெல்லாம் அடிபட்டது, சந்தை பூட்டப்பட்டது. முற்றின கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகித் தொங்கியதைப் பார்த்தேன். வாங்குபவரும் விற்பவரும் ஒரு கூரைக்குக் கீழ் சந்திக்க வழி செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதை அந்தக் கிழமைகள் காட்டின. அந்த வேலைக்கு விலை உண்டு என்பதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

எப்பிக் போட்ட வழக்கு நீண்டது. 2021 செப்ரெம்பரில் பெரும்பாலான வாதங்களில் எப்பிக் தோற்றது. ஆனால் வெளியே காசு கட்டும் வழியைக் காட்ட விடவேண்டும் என்று நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் அப்பிளுக்குக் கட்டளையிட்டார். 2024 இல் அப்பிள் விட்டது. விட்டுவிட்டு, அப்படி வெளியே கட்டும் காசிலும் 27 வீதம் கேட்டது. படலைக்கு வெளியே விற்றாலும் கழிவு! இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் கத்தரிக்காய்க்காக வந்த கோபமேதான். 2025 ஏப்ரல் 30 அன்று, அப்பிள் வேண்டுமென்றே கட்டளையை மீறியது என்று அதே நீதிபதி தீர்ப்பெழுதினார். அன்றிரவு அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். தோட்டக்காரரையும் கொழும்புக் கடைகளையும் நேரே இணைக்கும் செயலி ஒன்று செய்வோம் என்று நண்பர்கள் கூடினோம். முதல் நாளே எத்தனை வீதம் எடுப்பது என்ற பேச்சு வந்தது. பன்னிரண்டு என்றான் ஒருவன். அதிகமில்லை என்று என் வாயிலும் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நெஞ்சு இடித்தது. விற்பவரின் பிள்ளையாக வளர்ந்த நான் இந்த மேசையில் படலையின் மற்றப் பக்கத்தில் இருந்தேன். எந்தப் பக்கம் இருக்கிறோமோ அந்தப் பக்கத்தின் நியாயம் இவ்வளவு இலேசாக வாயில் வருமென்றால், இத்தனை வருடம் செய்தி வாசித்து நான் சேர்த்த கருத்துகளில் எது என்னுடையது?

வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டேன், எவ்வளவு எடுக்கலாம் என்று.

"நீ எனக்கு என்ன செய்து தருவாய்? அதை முதல் சொல்லு."

கொப்பியை எடுத்தேன். தோட்டத்து வாசலில் நிறுப்பது, லொறிக்கு ஏற்றுவது, காசு எந்த நாளில் கைக்கு வரும் என்பது, வழியில் பழுதானால் யார் தலையில் விழும் என்பது. ஐந்தாவது வரிக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்பா அடுத்த கீரைப்பிடியைக் கட்டத் தொடங்கினார்.