ஒரு ரூபாய் நிலமும் ஒரு படுக்கையும்

டெல்லி அரவிந்தர் மார்க்கில் எய்ம்ஸும் சப்தர்ஜங்கும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் அரசு மருத்துவமனைகள். இரவில் அந்த நடைபாதையில் கால் வைக்க இடம் தேட வேண்டும். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் போர்வை விரித்துப் படுத்திருப்பார்கள். பை, செருப்பு எல்லாம் தரையில் கிடக்க, ஸ்கேன் படம் போட்ட உறை மட்டும் நெஞ்சின் மேல் இருக்கும். மடங்கிவிட்டால் மறுபடி எடுத்து வரச் சொல்வார்களோ என்ற பயம்.

இதே நகரத்தின் பல தனியார் மருத்துவமனைகளில் ஏழைகளுக்கென்றே ஒதுக்கிய படுக்கைகள் உண்டு. அரசு சலுகை விலையில் நிலம் கொடுத்தபோது, ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதியது. நிலம் கைக்கு வந்தது. நிபந்தனை கோப்பில் தூங்கியது. உள்நோயாளிப் பிரிவில் 10 சதவீதம், புறநோயாளிப் பிரிவில் 25 சதவீதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் கணக்கு வகுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தந்தே ஆக வேண்டும் என்றது. இந்திரபிரஸ்தா அப்போலோவின் ஒப்பந்தம் தனி: 15 ஏக்கர், பெயருக்கு ஒரு ரூபாய் வாடகை, பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு படுக்கைகள் இலவசம். அந்த இலவசத்தில் மருந்து சேருமா என்றே வழக்கு நடந்தது. சேரும் என்று 2009இல் தீர்ப்பானது. மருந்தில்லாத சிகிச்சை என்று ஒன்றைக் கற்பனை செய்யவும் ஒரு திறமை வேண்டும்.

நிர்வாகங்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஸ்டென்ட்டும் புற்றுநோய் மருந்தும் சும்மா வருவதில்லை. அந்தச் செலவு பக்கத்துப் படுக்கைக்காரர் பில்லில்தான் ஏறும். அவர் பி.எஃப். பணத்தை எடுத்து பைபாஸ் செய்துகொள்ள வந்த பள்ளி ஆசிரியராகவும் இருக்கலாம். முன்பின் தெரியாதவரின் வைத்தியச் செலவை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

சுமக்க வேண்டாம் என்பதே சரி. ஆனால் அந்தச் செலவுக்கான பணம் நிலத்தின் விலையிலேயே கழிக்கப்பட்டுவிட்டது. கழித்துக் கொடுத்தது பொதுச் சொத்திலிருந்து. அதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு, நடைபாதையில் படுத்திருப்பவருக்கும் உண்டு. வாங்கியதைத் திருப்பித் தருவதற்குத் தர்மம் என்று பெயர் வைப்பதில்தான் கோளாறு. பெயர் மாறியதும் முறையும் மாறிவிடுகிறது: பாக்கியைக் கேட்டு வந்தவர் கைகூப்புகிறார், பாக்கிதாரர் வருமானச் சான்றிதழ் கேட்கிறார். பொய் ஏழைகளை வடிகட்டச் சான்றிதழ் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் மூச்சுத் திணறுகிறவரின் மகன் அந்த நேரத்தில் எந்த அலுவலகத்துக்கு ஓடுவான்?

அரசின் பங்கும் சின்னதல்ல. நிலத்தைக் கொடுத்ததோடு தன் கடமையும் கைமாறிவிட்டது போல நெடுங்காலம் இருந்தது. சப்தர்ஜங் வரிசையில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவரிடம், இன்ன மருத்துவமனையில் உங்களுக்கு ஒரு படுக்கை இருக்கிறது, இந்தச் சீட்டைக் கொண்டு போங்கள் என்று சொல்ல வேண்டியவர் அந்தக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்தான்.