ஸ்ரீயாவின் வாசலில் அன்னை

மார்கழி என்றதும் தமிழர்க்குத் திருப்பாவை நினைவுக்கு வரும். ஒடிசா மக்களுக்கோ மார்கசிர மாதத்து வியாழக்கிழமை என்றால் மகாலட்சுமியின் கதைதான். பெங்களூரில் வாழும் ஒடியா அன்பர்கள் அகராவில் ஜகந்நாதருக்குக் கோயில் கண்டிருக்கிறார்கள். தேர்த் திருவிழாவும் நடத்துகிறார்கள். ஆயினும் அவர்கள் தங்கள் ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த செல்வங்களுள் இந்தக் கதை மரபையே தலையாயதாகக் கருதத் தோன்றுகிறது.

ஒடிசாவில் பாலா, தாஸகாட்டியா போன்ற கதை மரபுகளும் உண்டு. அவற்றிற்குத் தேர்ந்த கலைஞர்கள் வேண்டும். இதற்கோ குடும்பத் தலைவி போதும். அதிகாலையில் வீட்டை மெழுகி, மாக்கோலத்தில் அன்னையின் திருவடிகளை வரைந்து, புதுநெல் நிறைத்த ‘மாணா’ என்னும் படியை வைத்துப் பூசித்தபின், அவள் ‘லட்சுமி புராணம்’ படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். இதை இயற்றியவர் பலராம தாசர். பஞ்சசகா எனப்படும் ஐந்து அருளாளர்களுள் ஒருவர். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், எளிய மக்களின் மொழியிலேயே பாடினார்.

கதை இதுதான். வியாழனன்று அன்னை நகர்வலம் புறப்படுகிறாள். செல்வர் வீடுகள் பெருக்கப்படாமல் கிடக்கின்றன. ஊருக்கு வெளியே, ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஸ்ரீயா மட்டும் விடியுமுன் எழுந்து, வாசல் மெழுகித் தாமரைக் கோலமிட்டுக் காத்திருக்கிறாள். அன்னை அந்தக் கோலத்தின்மீது அடிவைத்து உள்ளே செல்கிறாள். இதைக் கண்ட பலபத்திரர், “அவள் இனி நம் கோயிலுக்குள் வரலாகாது” என்று தம்பிக்கு ஆணையிடுகிறார். ஜகந்நாதர் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை. அணிகலன்களைக் களைந்து வைத்துவிட்டு அன்னை வெளியேறுகிறாள். அவளோடு உணவும் போய்விடுகிறது.

உலகுக்கே படியளப்பவர்கள் பிச்சைக்கு அலைகிறார்கள். எங்கும் ஒரு பிடி சோறு கிடைக்கவில்லை. முடிவில், அன்னையின் வீடென்று அறியாமலே அவள் வாசலில் வந்து நிற்கிறார்கள். ‘இது தாழ்ந்த குலத்தார் வீடு’ என்று தெரிந்ததும், அரிசியும் காய்கறியும் வாங்கித் தாமே சமைக்க முயல்கிறார்கள். அடுப்பு எரியவில்லை. பசி மிஞ்சிப்போக, அந்த வீட்டுச் சோற்றையே கேட்டு வாங்கி உண்கிறார்கள். உணவின் சுவையால் அவளை அறிந்துகொண்டு திரும்ப அழைக்கும்போது அன்னை வைத்த நிபந்தனை ஒன்றே: இங்கே எல்லாக் குலத்தாரும் சேர்ந்து உண்ண வேண்டும். புரியின் ஆனந்த பஜாரில் மகாபிரசாதத்துக்குச் சாதி வேற்றுமை இல்லை என்னும் வழக்கத்துக்கு மக்கள் இக்கதையையே காரணமாகச் சொல்கிறார்கள்.

அன்பர்களே, இக்கதையில் அசுரர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்னையை விலக்கியவர் குடும்பத்தின் மானம் காப்பதாக எண்ணிய மூத்தவர். உடன்பட்டவர் அவளை நேசித்த கணவர். தீண்டாமை பெரும்பாலும் நல்லவர்கள் கையால்தான் காக்கப்படுகிறது. 1897-இல் மானாமதுரையில் சுவாமி விவேகானந்தர், நமது சமயம் சமையலறைக்குள் புகுந்துவிட்டது என்று கடிந்துரைத்தார். பலராம தாசரோ அந்தச் சமையலறையிலேயே பகவானைப் பட்டினி போட்டுத் திருத்திவிட்டார்!

ஆனால் இத்தனை தலைமுறைகள் இக்கதையைக் கேட்ட புரியில் என்ன நடந்தது? காந்தியடிகள் 1934-இல் ஹரிஜன நடைப்பயணத்தைத் தொடங்கியது அங்கிருந்துதான். 1938-இல், ஹரிஜனங்களுக்குத் திறவாத அக்கோயிலுக்குள் கஸ்தூரிபா சென்று வந்ததை அறிந்து அவர் பெரிதும் மனம் நொந்தார்.

அப்படியானால் கதையால் பயன் என்ன? கதவைத் தாழிட்டவர்களின் வீட்டுக்குள்ளேயே, அவர்களின் தாயும் மனைவியும் ஆண்டுதோறும் அமர்ந்து, “பகவான் பசியால் வாடினார்” என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் ஓயவில்லை. செல்வம் பெருக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு படித்தாலும், கைபேசியில் ஒலிக்கவிட்டு வேறு வேலை பார்த்தாலும், அந்தக் குரல் செவியில் ஏறாது.

இன்று நம் அடுக்குமாடி வீடுகளில் பணிப்பெண்ணுக்கென்று தனிக் குவளை இருக்கிறது. சில இடங்களில் மின்தூக்கியும் தனி. விடியுமுன் எழுந்து, தன் வாசலைத் தெளித்துவிட்டு நம் வாசலைப் பெருக்க வருபவள் அவள். இந்நோன்பின் பிரசாதத்தைக் குடும்பத்தாரைத் தவிரப் பிறருக்குத் தருவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கதைக்கு அத்தடை இல்லை. வரும் மார்கசிர வியாழனன்று, புராணம் படிக்கத் தொடங்குமுன், துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து அமருமாறு அவளை அழையுங்கள். அவள் மொழி தமிழோ கன்னடமோ தெலுங்கோ, அந்த மொழியில் ஸ்ரீயாவின் கதையைச் சொல்லுங்கள்.